என் ஆரம்பப் பயிற்சித் தாள்கள்: எதை மாற்றணும் என்று சொல்லுங்கள்

செம்பூர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் இருக்கிறேன், கணக்கு வேலை. மகள் எட்டாம் வகுப்பு. மகாராஷ்டிர அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் எலிமென்ட்ரி டிராயிங் பரீட்சைக்குத் தயாராகிறாள். அவளுக்குத் துணையாக உட்கார்ந்தவள், நானும் ஒரு நோட்டை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டேன். இப்போது அவள் தூங்கின பிறகும் நான் வரைகிறேன்.

நாலு படம் போட்டிருக்கிறேன். முதல் தாள் நேர்க்கோடுகள். இரண்டாவது, இரண்டு கோட்டுக்கு நடுவே நீள்வட்டங்கள். மூன்றாவது பெட்டிகள். நாலாவது வீட்டு காபி டம்ளர். கோடு நேராகப் போய்க் கடைசியில் கீழே வளைகிறது. பெட்டிகளில் பின்பக்கம் பெருத்துத் தெரிகிறது. டம்ளர் மேசையில் உட்காராமல் அந்தரத்தில் நிற்கிறது.

வீட்டில் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கு எது சரியில்லை என்றுதான் தெரிய வேண்டும்.

ஹார்பர்லைன்:
முதல் தாளில் ரப்பர் தேய்த்த தடம் நிறைய தெரிகிறது. கோட்டுப் பயிற்சிக்குப் பென்சிலை விட்டுவிட்டு சாதா ஜெல் பேனாவில் போடுங்கள். அழிக்க முடியாது என்றால் கை தானாகவே யோசித்து இறங்கும். தாளும் இவ்வளவு உசத்தி வேண்டாம். ஒரு பக்கம் அச்சான ஆபீஸ் தாள் போதும்.

மாட்டுங்கா மாஸ்டர்:
அம்மா, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகள் எழுதும் பரீட்சைக்குப் பல பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன்.

கோடுகள். ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் போட்ட வரிசையைப் பாருங்கள். ஆரம்பத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் கிளம்புகின்றன, முடிவில்தான் பிரிகின்றன. அது நல்ல அறிகுறி. பென்சிலை வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டு முனையும் பிரிந்திருந்தால்தான் அவசரம். கடைசியில் வளைவதற்குக் காரணம் முழங்கை. அதை மேசையில் ஊன்றிக்கொண்டு கையை நகர்த்தினால் முழங்கை சக்கரத்தின் அச்சு மாதிரி ஆகிவிடும், கை வில் மாதிரிதான் போகும். தரையில் கோலம் இழுக்கும்போது முழங்கையை ஊன்றுவீர்களா? அதே கைதான் இது. முழங்கையைத் தூக்கித் தோளிலிருந்து இழுங்கள். எந்தத் திசையில் கை சுலபமாகப் போகிறதோ அந்தத் திசைக்குத் தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நீள்வட்டங்களில் இரண்டு ஓரமும் மீன் வாய் போலக் கூர்மையாகிவிட்டன. திரும்பும் இடத்தில் கை தயங்குகிறது. தாளைத் தொடாமல் இரண்டு மூன்று சுற்று சுற்றி, அதே வேகத்தில் பேனாவை இறக்கி இரண்டு சுற்று போடுங்கள். நீள்வட்டத்தில் எங்கேயும் மூலை கிடையாது.

பெட்டிகளைப் புதிதாக வரைய வேண்டாம். இதே தாளில் சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு விளிம்பையும் பின்னோக்கி நீட்டுங்கள். பெட்டிக்குப் பன்னிரண்டு விளிம்பு, நாலு நாலாக மூன்று கூட்டம். ஒரு கூட்டத்தின் நாலும் தூரத்தில் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். உங்கள் இரண்டாம் வரிசையில் மூன்றாவது பெட்டியில் மூன்று நெருங்குகின்றன, ஒன்று மட்டும் தனியாக விலகிப் போகிறது. பின்பக்கம் பெருத்தது அதனால்தான். செம்பூர் ஸ்டேஷன் நடைமேடையில் நிற்கும்போது கவனியுங்கள். தண்டவாளம் தூரத்தில் மேலே ஏறுகிற மாதிரி இருக்கும், கூரை விளிம்பு கீழே இறங்குகிற மாதிரி இருக்கும். இரண்டும் உங்கள் கண்மட்டத்தை நோக்கித்தான் போகின்றன.

இனி டம்ளர். நாலு தாளில் எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாயை அழகாக நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை ஏறக்குறைய நேர்க்கோடாக முடித்திருக்கிறீர்கள். மேசை தட்டை, அதனால் அடியும் தட்டை என்று மனசு சொல்கிறது. கண் அப்படிப் பார்ப்பதில்லை. டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள், விளிம்பு வெறும் கோடாகிவிடும். மெல்ல இறக்க இறக்க வாய் திறக்கும். கண்ணுக்குக் கீழே எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு உருண்டையாகும். அடி, வாயை விடக் கீழே இருக்கிறது. அதனால் அகலம் குறைந்தாலும் அதன் நீள்வட்டம் வாயை விட உருண்டையாகத்தான் இருக்க வேண்டும். டம்ளர் கண்ணாடி என்று நினைத்து அடியை முழுச் சுற்றாக லேசாகப் போடுங்கள், பிறகு முன்பக்கப் பாதியை மட்டும் அழுத்துங்கள். மேசையில் உட்கார்ந்துவிடும்.

இன்னொன்று, சுருட்டிய விளிம்பின் தடிமனைச் சுற்றிலும் ஒரே அளவாகக் காட்டியிருக்கிறீர்கள். இடது வலது ஓரங்களில் அகலமாகவும், முன்னும் பின்னும் மெல்லியதாகவும் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஷேடிங்கை இப்போது தொட வேண்டாம். எவர்சில்வரின் மினுமினுப்பு, அடி சரியில்லாத டம்ளரைக் காப்பாற்றாது.

செம்பூர்வாசி:
சார், மிக்க நன்றி. இவ்வளவு நிதானமாக யாரும் பார்த்துச் சொன்னதில்லை. டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்து இறக்கிப் பார்த்தோம், மகள் "அம்மா, வாய் திறக்குது" என்று கத்திவிட்டாள். பார்த்து வரைவதற்கும் நினைவிலிருந்து வரைவதற்கும் அவளுக்குத் தனித்தனித் தாள் இருக்கிறது. இதை நினைவுப் படத்துக்கும் பயன்படுத்தலாமா?

டிராஃப்டிங் டேபிள்:
நான் கட்டிட வரைபட வேலை செய்கிறேன். மாஸ்டர் சொன்னதோடு ஒன்று. கண்ணுக்கு மேலே இருக்கும் வட்டங்கள் எதிர்ப்பக்கம் வளையும். தென் மும்பையில் காலா கோடா பக்கம் போனால், 1922ல் திறந்த அந்தப் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியத்தின் குவிமாடத்தைக் கீழிருந்து பாருங்கள். அதைச் சுற்றியிருக்கும் பட்டைகள் மேல்நோக்கி வளைந்து தெரியும், மேலே போகப் போக வளைவு கூடும். டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான்.

ஆனால் பயிற்சி மட்டுமே செய்யாதீர்கள். பாதி நேரம் பயிற்சி, பாதி நேரம் பிடித்ததை வரையுங்கள். இல்லாவிட்டால் ஆசை வற்றிவிடும்.

மாட்டுங்கா மாஸ்டர்:
பாதிக்குப் பாதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரியவர்கள் பயிற்சியிலேயே தங்கிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மா, நினைவுப் படத்துக்குத்தான் இது இன்னும் அதிகம் உதவும். பானை, வாளி, கூடை என்று பாப்பா எதை நினைவிலிருந்து போட்டாலும் முதலில் கண்மட்டத்தை லேசான கோடாகக் குறிக்கச் சொல்லுங்கள். வாய் எவ்வளவு திறக்கும் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

அடுத்த தாளுக்கு டம்ளரை டபராவுக்குள் நிறுத்தி வரையுங்கள். டபரா வாய் அகலம், உயரம் குறைவு, டம்ளரின் அடி அதற்குள் மறைந்துவிடும். மறைந்தாலும் அந்த அடியை முழுச் சுற்றாகப் போட்டுப் பார்த்த பிறகே டபராவின் முன்விளிம்பை வரையுங்கள். அழிக்காமல் படம் எடுத்துப் போடுங்கள், பாப்பா வரைந்ததையும் சேர்த்து.