ஆம்லெட்டுக்குள் என்ன போட்டார் அந்த வாத்துக்கார அம்மா?

மன்னார்குடிக்காரன்:

போன தை மாதம். திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம் முடிந்து விடியற்காலையில் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பின் டயர் இறங்கிவிட்டது. பக்கத்திலேயே சம்பா அறுத்த வயலில் வலை கட்டி வாத்துப் பட்டி. முட்டை பொறுக்கும் நேரம். அறுத்த வயலாகப் பார்த்து வாத்தை மேய்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் அவர்கள்.

பஞ்சர் கடைக்காரர் வர ஒரு மணி நேரமாகும் என்றார். நான் நிற்பதைப் பார்த்து அந்தப் பட்டியில் இருந்த அம்மா, "சாப்புடு தம்பி, வண்டி எங்க போயிடப் போவுது" என்று கூப்பிட்டார். மூன்று கல் அடுப்பு, கருவேலஞ்சுள்ளி, ஓர் இருப்புச்சட்டி. இரண்டு வாத்து முட்டையைச் சொம்பில் உடைத்து, நாலைந்து சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டு அடித்தார். அது வரைக்கும் சாதாரணம்தான்.

சட்டியில் ஊற்றி, மேல்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும்போது ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பிடி எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்த்தார். தேய்க்கும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, காய்ந்த சருகை மிதிப்பது போல. அதை அப்படியே தூவிப் பாதியாக மடித்துவிட்டார். திருப்பிப் போடவே இல்லை. அலுமினிய மூடியில் வைத்துக் கொடுத்தார். முதல் வாயிலேயே உப்பு, ஒரு வறுத்த வாசனை, நடுவில் மொறுமொறுப்பு, சுற்றிலும் வாத்து முட்டையின் கொழகொழப்பு.

என்னம்மா போட்டீங்க என்று கேட்டேன். "கடல்ல வர்றதுதான்" என்று சொல்லிவிட்டு முட்டைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கருவாட்டை உதிர்த்துப் போட்டுப் பார்த்தேன், இறாலைப் பொடியாக நறுக்கியும் பார்த்தேன். வரவில்லை. அது என்ன? உங்களுக்கும் இப்படி மறக்காத ஒரு ஆம்லெட் இருந்தால் உள்ளே என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

நாகூர்ப் பொண்ணு:

சென்னாக்குனி, அதாவது காயவைத்த ரொம்பப் பொடியான இறால். வேறு எதுவும் உள்ளங்கையில் அப்படித் தேயாது. கருவாடு நாராகத்தான் உதிரும், பெரிய இறால் கருவாடு இவ்வளவு சுலபத்தில் நொறுங்காது.

எங்கள் வீட்டில் அது உம்மாவின் கை. 2021-ல் நோன்பும் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வந்தது. விசைப்படகு கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் சந்தையில் மீன் விலை கேட்கவே முடியாது. சஹருக்கு, அதாவது நோன்பு தொடங்கும் முன் விடியற்காலையில் சாப்பிட, என்ன செய்வது என்று உம்மா டப்பாவில் இருந்த சென்னாக்குனியை எடுத்தார். தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், கொஞ்சம் சீரகம், அதோடு வெறும் சட்டியில் வறுத்த சென்னாக்குனி. எல்லாம் முட்டைக்குள்.

எனக்கு மறக்காதது ஆம்லெட்கூட இல்லை. இரவு மூன்று மணிக்கு உம்மா முறத்தில் சென்னாக்குனியைப் புடைத்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு புடைத்தார். ஏன் உம்மா என்று கேட்டால், "மணல் தனியா சத்தம் போடும், காதுலதான் தெரியும்" என்றார். நான் இப்போது வெளியூரில் இருக்கிறேன். கண்ணை மூடிப் புடைத்துப் பார்க்கிறேன், எனக்கு இன்னும் அந்தச் சத்தம் பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் பல்லில் ஒரு மணலாவது அகப்படுகிறது.

கும்பகோணம், பெரிய கடைத்தெரு:

எல்லாரும் ஏதேதோ போடுகிறீர்கள். ஆம்லெட்டுக்கு வெங்காயம், பச்சை மிளகாய், மிளகு, கறிவேப்பிலை போதும். எங்கள் ஊரில் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் கரண்டி ஆம்லெட் போடுவார் ஒருவர். குழிக்கரண்டியில் நல்லெண்ணெய், அது புகையும்போது முட்டை. மேலே பந்து மாதிரி உப்பி நிற்கும். பத்தாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த அன்றைக்கு அப்பா வாங்கித் தந்தார். பிய்த்ததும் உள்ளே இருந்து மிளகு வாசனையோடு ஆவி வந்து என் கண்ணாடி மங்கிப்போனது. அப்பா தன் துண்டை எடுத்து அதைத் துடைத்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பலர் வீட்டில் ஆம்லெட் சொதசொதவென்று வருவதற்குக் காரணம் உள்ளே போடும் சாமான்தான். வெங்காயத்தை நறுக்கி உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீர் முட்டையோடு சேர்ந்தால் சட்டியில் அது வேகாது, அவியும். தக்காளி இன்னும் மோசம். தக்காளி போட ஆசை இருந்தால் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் போடுங்கள், அல்லது தனியாக வதக்கித் தண்ணீர் சுண்டிய பிறகு போடுங்கள். உப்பை முட்டையில் கலக்குங்கள், வெங்காயத்தில் பிசறாதீர்கள். கீரை என்றால் நறுக்கிய பிறகு அலசவே கூடாது. அப்புறம் தீ. வெள்ளைக்கரு சுமார் 62 டிகிரியில் இறுக ஆரம்பிக்கும், மஞ்சள் கரு 65-க்கு மேல். தோசைக்கல் அதைப் போல மூன்று மடங்கு சூட்டில் இருக்கும். அதனால் ஊற்றிய உடனே தீயைக் குறைக்க வேண்டும். கரண்டி ஆம்லெட்டுக்கு மட்டும் இது பொருந்தாது, அங்கே எண்ணெய்ச் சூடுதான் அதை உப்ப வைக்கிறது. தேங்காய் போடுகிறவர்கள் புதுத் துருவலாகப் போடுங்கள், குளிர்பெட்டியில் வைத்தது ஈரம் கோத்திருக்கும். இதையெல்லாம் சரியாகச் செய்தால் சென்னாக்குனியே தேவைப்படாது.

பட்டுக்கோட்டை மேற்கு:

தேவைப்படாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? உள்ளே போடுவது ருசிக்காக மட்டும் இல்லை.

2018 நவம்பர் 16. கஜா புயல். அந்த ராத்திரியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். விடிந்து பார்த்தால் எங்கள் தோப்பில் நிற்கிற தென்னை பத்துகூட இல்லை. கோழிக்கூடு இருந்த இடமே தெரியவில்லை. மூன்றாவது நாள் ஒரு பெட்டைக்கோழி எங்கிருந்தோ வந்தது. வைக்கோல் போரின் அடியில் மூன்று முட்டை கிடைத்தது. வீட்டில் ஏழு பேர்.

அப்பாயி கொல்லையில் விழுந்து கிடந்த முருங்கைமரத்தில் இருந்து கீரையை உருவினார். வேரோடு சாய்ந்த மரம், இலை மட்டும் வாடாமல் பச்சையாக இருந்தது. தேங்காய்க்குக் குறைவே இல்லை, தோப்பு முழுக்க அதுதான் கிடந்தது. இரண்டு பிடி கீரை, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், வெங்காயம், கொஞ்சம் அரிசி மாவு, மூன்று முட்டை. அடை மாதிரி கனமாக ஒன்றே ஒன்று சுட்டு, அரிவாள்மனையில் வைத்து ஏழாக அரிந்தார்.

அரியும்போது அப்பாயி ஒவ்வொரு துண்டையும் விரலால் அளந்து பார்த்தார். கடைசித் துண்டு சின்னதாக வந்தது. அதைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். நான் பார்த்தேன், பார்த்தும் மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. எனக்கு அப்போது வயது பத்தொன்பது, சின்னப்பிள்ளை இல்லை. அப்பாயி இப்போது இல்லை. முருங்கைக்கீரையும் தேங்காயும் முட்டையும் சேர்ந்த வாசனை வந்தால் அந்தச் சின்னத் துண்டுதான் முதலில் தெரிகிறது.

கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கீரை அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

திருவையாறு வாசகர்:

பட்டுக்கோட்டை நண்பருக்கு: அப்பாயி உங்களிடம் அந்தத் துண்டைக் கொடுத்திருக்கவே மாட்டார். கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான்.

கும்பகோணத்துக்கு: நீங்கள் சொன்ன தண்ணீர் விஷயம் சரி. ஆனால் மன்னார்குடிக்காரர் கேட்டது வாத்து முட்டை. கோழி முட்டைக் கணக்கு அதற்கு ஒத்துவராது. கோழி முட்டை 55 கிராம் என்றால் வாத்து முட்டை 70 வரும். மஞ்சள் கரு பெரிது, கொழுப்பு அதிகம், வெள்ளைக்கருவில் தண்ணீர் குறைவு. கொஞ்சம் அதிகமாக வெந்தால் ரப்பர் ஆகிவிடும். அந்த அம்மா திருப்பிப் போடாமல் மடித்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். நசுக்கிய வெங்காயமும் வேண்டும், ஏனென்றால் வாத்து முட்டைக்கு ஒரு வாடை உண்டு, அதை மிளகு மட்டும் தாங்காது.

வாங்கும்போது: தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்தால் புதுசு, நிமிர்ந்து நின்றால் பழசு, மிதந்தால் தூக்கிப் போடுங்கள். உள்ளே காற்றறை பெரிதாகப் பெரிதாக முட்டை மேலே வரும். ஓட்டில் சேறு இருக்கும், உடைப்பதற்கு முன்னால் கழுவித் துடைத்துவிட வேண்டும். முன்கூட்டியே கழுவி வைத்தால் சீக்கிரம் கெடும். பட்டியில் ஈரத்தரையில் கிடக்கும் முட்டை என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முழுவதும் வேகவைத்தே கொடுங்கள். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லும் நத்தையும் தின்ற வாத்தின் முட்டையில் மஞ்சள் கரு நல்ல ஆரஞ்சாக இருக்கும்.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. முருங்கைப்பூவை நெய்யில் வதக்கி மிளகோடு முட்டையில் போடுவாள் என் மனைவி. நான் முதன்முதலில் சாப்பிட்டபோது காளான் என்று நினைத்தேன்.

மயிலாடுதுறை மகள்:

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் ரத்தசோகை வந்தது, டாக்டர் முட்டை சாப்பிடச் சொன்னார். அம்மா அடுப்படியில் ஏற்றவே மாட்டேன் என்றார். அப்பா கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில் செங்கல் வைத்து அடுப்பு கட்டினார், தனிச் சட்டி, தனிக் கரண்டி. அவர் வாழ்நாளில் முட்டையைக் கையால் தொட்டதில்லை.

முதல் நாள் ஓடெல்லாம் உள்ளே விழுந்தது. அவருக்கு எதைப் போடுவது என்றும் தெரியாது. எனக்கு வாடை பிடிக்காமல் குமட்டியது. இரண்டாவது நாள் சுண்டைவத்தலை எண்ணெயில் பொரித்து, கையாலே நொறுக்கி மேலே தூவினார். அவருக்குப் பிடித்தது அதுதான், அதனால் எனக்கும் பிடிக்கும் என்று நினைத்திருப்பார். கசப்பும் உப்பும் மோர்ப்புளிப்பும் சேர்ந்து வாடையே தெரியவில்லை. முழுவதும் சாப்பிட்டேன். அப்பா மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, நான் மென்று முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மன்னார்குடிக்காரர் சொன்ன மொறுமொறுப்பைப் படித்ததும் எனக்குச் சுண்டைவத்தல்தான் தோன்றியது. ஆனால் அது கடலில் வராது.

மன்னார்குடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. புரட்டாசி முடியட்டும் என்று காத்திருந்தேன், வீட்டில் அந்த ஒரு மாதம் அசைவம் எதுவும் சமைக்க மாட்டார்கள். ஐப்பசி பிறந்ததும் சென்னாக்குனி கால் கிலோ வாங்கினேன். நாகூர் சகோதரி சொன்னபடி முறத்தில் புடைத்தேன், எனக்கும் மணல் சத்தம் கேட்கவில்லை, அதனால் சல்லடையில் போட்டுச் சலித்தேன். வெறும் சட்டியில் வறுத்து, கையில் தேய்த்து, ஈரமாக இருக்கும்போது தூவி மடித்தேன்.

தேய்க்கும்போது அதே சத்தம். அடுப்பு முன்னால் நின்று நானும் என் பையனும் சிரித்துவிட்டோம். சந்தேகமே இல்லை, அதுதான்.

ஆனால் வாயில் வைத்தால் பாதிதான் வந்தது. உப்பும் மொறுமொறுப்பும் சரி. அடியில் ஒரு புகை வாசனை இருந்ததே, அது இல்லை. முட்டையும் கடையில் வாங்கிய கோழி முட்டை, வாத்து முட்டை இங்கே கிடைக்கவில்லை. பையனுக்கு அந்த அம்மா கையாலேயே ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. அவர்கள் இப்போது எந்தப் பக்கம் இருப்பார்கள்?

நாகூர்ப் பொண்ணு:

மணல் பற்றிச் சொன்னதற்குச் சந்தோஷம், நான் ஒருத்தி மட்டும் இல்லை. சல்லடை யோசனையை உம்மாவிடம் போனில் சொன்னேன். சலித்தால் சின்னச் சென்னாக்குனியும் சேர்ந்து கீழே போய்விடும், அதில்தான் ருசி என்கிறார்.

திருத்துறைப்பூண்டி விவசாயி:

அதே அம்மாதானா என்று தெரியாது. எங்கள் குறுவை அறுத்த வயலில் முந்தாநாள் பட்டி இறங்கியிருக்கிறது. ஒரு வயதான அம்மாவும் மகனும், ஆயிரம் வாத்துக்குக் குறையாது. சுள்ளி அடுப்புதான் வைத்திருக்கிறார்கள். அடுத்த போகமான தாளடி நடவுக்கு உழ வேண்டும், அதனால் இன்னும் ஒரு வாரம்தான் இருப்பார்கள். அஞ்சரைக்குள் வந்துவிடுங்கள், ஏழு மணிக்கு முட்டை வண்டி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். டயரில் காற்று பார்த்துக்கொண்டு வாருங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு.