கோத்தகிரி: லினக்ஸ் லேப்டாப்பில் மட்டும் வைஃபை மந்தம்

கட்டபெட்டு வாசி:
லினக்ஸ் உபுண்டு 22.04, வைஃபை கார்டு ஆர்டிஎல்8723பிஇ. ஒரே மேசையில் போனுக்கு 35 எம்பிபிஎஸ் வருகிறது, லேப்டாப் 2-ஐத் தாண்டவில்லை. வைஃபை நிலையைக் காட்டும் ஐடபிள்யூ கட்டளையில் சிக்னல் -83 டிபிஎம் (0-க்கு அருகே வர வர நல்லது), பிட்ரேட் எனும் இணைப்பு வேகம் 6.5 எம்பிபிஎஸ். ரூட்டருக்கும் மேசைக்கும் நடுவே ஒரு கருங்கல் சுவர். மூடுபனி இறங்கினால் இன்னும் மோசமாவதுபோல் தெரிகிறது. எதைப் பார்க்கலாம்?

குன்னூர் பென்குயின்:
வைஃபை கார்டின் மின்சேமிப்பு வசதியான பவர் சேவ்-ஐ அணைத்துப் பாருங்கள். சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் எட்சி ஃபோல்டருக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி ஃபோல்டர். அங்குள்ள பவர்சேவ் கோப்பில் 3 என்றிருப்பதை 2 ஆக்கி, நெட்வொர்க்மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். 0 போட்டுவிடாதீர்கள், அது அணைக்காது, இயல்புநிலைக்குத்தான் போகும்.

ஊட்டி டெர்மினல்:
பவர் சேவ் பிங்கைத்தான் (பதில் வர ஆகும் நேரத்தை) இழுக்கும், சிக்னலை -83க்கு இறக்காது. லேப்டாப்பை ரூட்டருக்கு ஒரு மீட்டர் பக்கத்தில் வையுங்கள். -40க்கு அருகே வந்தால் சுவர்தான் காரணம். அங்கேயும் -60க்குக் கீழே இருந்தால் ஆன்டெனா. மூடுபனியை விட்டுவிடுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் துளிகள் ஒன்றும் செய்யாது.

இந்தக் கார்டில் ஆன்டெனா முனை இரண்டு. சில லேப்டாப்களில் ஒன்றில்தான் வயர் மாட்டியிருக்கும். எந்த முனை என்பதை, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், கார்டில் எழுதிவைத்த குறிப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளும். குறிப்பு தப்பாக இருந்தால் வயரே இல்லாத முனையில் கேட்டுக்கொண்டிருக்கும். மோட்ப்ரோப் -ஆர் கட்டளை கொடுத்து டிரைவரை இறக்கி, முனையைத் தேர்வுசெய்யும் ஆன்ட்_செல்=2 சேர்த்து மறுபடி ஏற்றுங்கள். சரிப்படாவிட்டால் 1. இடையில் நெட் அறுந்து வரும், பயப்பட வேண்டாம்.

கட்டபெட்டு வாசி:
ரூட்டர் பக்கத்திலேயே -64தான் இருந்தது. 1 போட்டதும் நெட்வொர்க் பட்டியலே காலி. 2 போட்டதும் -37! மேசையில் -58, பிட்ரேட் 72.2, வேகம் 33. ரொம்ப நன்றி அண்ணா. ரீபூட் செய்தால் போய்விடுமா?

ஊட்டி டெர்மினல்:
போய்விடும். எட்சிக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் .கான்ஃப் என்று முடியும் புதுக் கோப்பு ஒன்றில் ஒரே வரி: ஆப்ஷன்ஸ், டிரைவர் பெயர், ஆன்ட்_செல்=2. கர்னல் அப்டேட் ஆனாலும் நிற்கும்.

ஒரே ஆன்டெனா, 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் என்றால் 72.2தான் உச்சம். ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டிகேஐபி எனும் பழைய குறியாக்கம் இருந்தால் மட்டும் ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள், அது இருக்கும்வரை பிட்ரேட் 54க்கு மேல் ஏறாது.

குன்னூர் பென்குயின்:
சரிதான், சிக்னல் எண்ணை நான் முதலில் பார்த்திருக்க வேண்டும். பவர் சேவ் 2-லேயே இருக்கட்டும். வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்பது குறையும்.