உதவி: டெஸ்ட் ரோபோ பில்டு பிழை என்கிறது, என் கணினியில் ஒன்றும் இல்லை

புதுக்கமிட்:
அவசரம். நேற்று ராத்திரி லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு டிரைவர் பேட்ச் (கோடு மாற்றம்) அனுப்பினேன். அதைப் பார்த்து ஏற்க வேண்டிய மெயின்டெய்னர் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் பேட்ச்களைத் தானாகவே பில்டு செய்து பார்க்கும் கெர்னல் டெஸ்ட் ரோபோவிடமிருந்து பில்டு பிழை என்று மெயில். என் கணினியில் ஒரு வார்னிங் கூட வரவில்லை. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

கணியன்:
என்ன பிழை? எந்த ஆர்க்கிடெக்சர்? எந்த கன்ஃபிக்? ஒன்றுமே சொல்லவில்லையே.

மரநிழல்:
பேஸ்தான் (பேட்ச் எந்தக் கமிட்டின் மேல் எழுதப்பட்டது என்பது) பிரச்சினை, பந்தயம். பேட்ச்சை எந்த ட்ரீயின் மேல் ஒட்டுவது என்று ரோபோ ஊகித்துக்கொள்கிறது. கிட் ஃபார்மட்-பேட்ச்சில் --பேஸ்=ஆட்டோ சேருங்கள், பேஸ் எது என்று பேட்ச்சிலேயே பதிவாகும்.

மூத்தகை:
கன்ஃபிக் லிங்க், திரும்ப ஓட்டிப் பார்க்கும் வழி எல்லாம் அந்த மெயிலிலேயே இருக்கும். ஒரு மெயிலை முழுசாகப் படிக்காதவர் கெர்னல் எழுத வருகிறார். சரி.

புதுக்கமிட்:
ஐ386, அதாவது 32-பிட். பில்டின் மாட்போஸ்ட் கட்டத்தில் '__யுடிவ்டிஐ3 அன்டிஃபைண்ட்' (அந்தப் பெயரில் எதுவும் இல்லை) என்று வருகிறது.

பிட்டுப்புழு:
அப்போ பேஸ் இல்லை. எங்கேயோ யு64 (64-பிட்) எண்ணை நேராக / போட்டு வகுத்திருக்கிறீர்கள். 64-பிட்டில் ப்ராசஸரே வகுத்துவிடும். 32-பிட்டில் கம்பைலர் ஜிசிசி அதற்குத் தன் துணை லைப்ரரியான லிப்ஜிசிசியின் ஃபங்ஷனைக் கூப்பிடும், அதுதான் __யுடிவ்டிஐ3; ஐ386 கெர்னலில் அது கிடையாது.

மரநிழல்:
/ க்குப் பதில் கெர்னலின் டூ_டிவ் போட்டால் தீர்ந்தது.

பிட்டுப்புழு:
அதில்தான் பலர் விழுகிறார்கள். டூ_டிவ் திருப்பித் தருவது மீதியை. ஈவை முதல் ஆர்க்யுமென்ட்டிலேயே எழுதிவிடும். திரும்பி வருவதை ஈவு என்று எடுத்துக்கொண்டால் பில்டு ஜோராக ஆகும், எண் தப்பாக வரும். பில்டு மட்டும் பார்க்கும் எந்த ரோபோவும் அதைப் பிடிக்காது. டிவ்_யு64 போடுங்கள், அது ஈவையே திருப்பித் தரும். வகுக்கும் எண்ணும் 64-பிட் என்றால் டிவ்64_யு64. லினக்ஸ்/மேத்64.ஹெச் ஹெடரைச் சேர்க்க மறக்காதீர்கள்.

கணியன்:
வி2வில் (திருத்திய இரண்டாம் வெர்ஷனில்) ரோபோ பெயரில், பிழையைச் சொன்னவரைக் குறிக்கும் ரிப்போர்ட்டட்-பை டேக்கும் போடுங்கள்.

மூத்தகை:
போடக் கூடாது. தனி கமிட்டாகத் திருத்தினால்தான் அந்த டேக். அதே பேட்ச்சின் அடுத்த வெர்ஷனுக்கு இல்லை. இதுவும் அந்த மெயிலிலேயே இருக்கிறது.

கணியன்:
கண்டுபிடித்துக் கொடுத்ததற்கு ஒரு நன்றி கூடாதா?

மூத்தகை:
தாராளமாக. பேட்ச் மெயிலில் '---' என்ற மூன்று கோட்டுக்குக் கீழே, சேஞ்ச்லாகில்; அங்கே எழுதுவது கமிட்டில் சேராது. கமிட்டில் போட்டால் டிரைவரையே ரோபோ கேட்டு எழுதியது போலிருக்கும்.

மரநிழல்:
எப்படியும் --பேஸ் போடுவது நல்லதுதான்.

புதுக்கமிட்:
டிவ்_யு64 போட்டேன், ஐ386இல் பில்டு ஆகிறது. வி2 அனுப்பியாச்சு. நன்றி.

கணியன்:
டேக் போட்டீர்களா இல்லையா?