ஊரில் இலவச நாட்டுப்புற இசை விழா: கலைஞர்களுக்குச் சன்மானம் தர வேண்டுமா?

கேள்வி

வணக்கம். எங்கள் ஊரில் நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வரும் பங்குனியில் நுழைவுக் கட்டணம் இல்லாத ஒருநாள் நாட்டுப்புற இசை விழா நடத்த எண்ணியிருக்கிறோம். சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழாவில், மீனவர் குடியிருப்புக்கு நடுவிலேயே கர்நாடக இசையும் பறையும் கட்டணமின்றி ஒலித்ததுதான் எங்களுக்குத் தூண்டுதல். பறை, வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம் ஆகிய மூன்று குழுக்களை அழைக்க விருப்பம். நாங்கள் ஊதியமின்றி உழைப்பதால் கலைஞர்களையும் அவ்வாறே வரச் சொல்லலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1

தங்கள் மனம் சொல்வதே சரி. விழா முடிந்த மறுநாள் நாம் நம் வேலைக்குத் திரும்பிவிடுவோம். கலைஞர்களுக்கோ அன்றைய ஆட்டமே வேலை. அதிலும் பங்குனி, கோயில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும் மாதம் என்பதால், அப்போது ஒரு நாளை விட்டுக்கொடுக்கச் சொல்வது ஆண்டு வருமானத்திலேயே கைவைப்பதாகும். திருமணங்கள் நடக்காத மார்கழியில், நையாண்டி மேளத்தில் வாசிக்கும் நாகசுரக் கலைஞர்களுக்கும் தவில் கலைஞர்களுக்கும் அழைப்பு குறைவு. அந்த மாதத்தில் தேதி கேளுங்கள், அச்சாரம் கொடுத்து உறுதி செய்யுங்கள். பயணச் செலவையும் உணவையும் சன்மானத்தில் கழிக்காதீர்கள்.

மறுமொழி 2

மேடையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் ஊர் விழாவில் மாலையில் தூறல் விழுந்து பறையின் தோல் தளர்ந்துவிட்டது. நாங்கள் பந்தலை நெருக்கிப் போட்டிருந்ததால் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சித் தோலை இறுக்க இடமே இல்லை. பறை அடிக்கும் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் பிடித்தபடி கலைஞர்கள் அரை மணி நேரம் காத்து நின்றதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. பந்தலுக்கு அப்பால் திறந்த இடமும் காய்ந்த வைக்கோலும் ஒதுக்கிவையுங்கள். பறைக்கு மைக் தேவைப்படாது. வில்லுப்பாட்டுக்கு அப்படியில்லை: பாடுபவருக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்கைக்கு ஒன்று என வைத்தால்தான் பின்வரிசைக்குக் கதை புரியும். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்துப்பூர்வ அனுமதி பெறுங்கள். இரவு 10 மணிக்கு மேல் அதற்குத் தடை உள்ளதால், அதற்குள் விழாவை முடித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விழாவை மார்கழிக்கு மாற்றிவிட்டோம். திரளும் பணத்தில் முதலில் சன்மானத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில்தான் பந்தலும் ஒலிபெருக்கியும் என்று முடிவாகியிருக்கிறது. பணம் போதாவிட்டால், மூன்று குழுக்களுக்கும் குறைத்துக் கொடுப்பதைவிட இரண்டு குழுக்களை மட்டும் அழைத்து முழுச் சன்மானம் தருவோம்.