என் வாசலுக்கு யாரு வர்றாங்க?

குழு: நம்ம வீட்டாளுக
புதன்கிழமை

லட்சுமி பெரியம்மா (குரல் பதிவு): மீனா, எங்க ஊர் டீச்சர் உன்கிட்ட ஆர்டர் குடுத்த சேலை இன்னும் வந்து சேரலத்தா. கூரியர்ல இருந்து ஒரு பையன் போன் பண்ணி அருப்புக்கோட்டைக்கு வந்து வாங்கிக்கங்கன்றானாம். பள்ளிக்கூடத்த விட்டுட்டு அவங்க எப்படிப் போவாங்க? வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. அதுக்குத்தான அந்தச் செங்கல் கலர் சுங்குடிய அவசரமா கேட்டாங்க.

மீனா: டிராக்கிங்ல "வீடு பூட்டியிருக்கு"ன்னு போட்டிருக்கு பெரியம்மா. நேத்தும் அப்படியேதான் போட்டிருந்துச்சு.

லட்சுமி பெரியம்மா: யாரு வந்து பாத்தாங்களாம்? அவங்க மாமியா பகல் பூரா திண்ணையிலதான உக்காந்திருக்காங்க.

முருகேசன் சித்தப்பா: அந்த ஊர்ல கிளை அஞ்சலகம் இருக்கு மீனா. டீச்சர் வீடு எதுன்னு அங்க இருக்கவங்களுக்கு அட்ரஸ் பாக்காமலே தெரியும்.

மீனா: தெரியும் சித்தப்பா. முதல்ல சேலை அவங்க கைக்குப் போகட்டும். அப்புறம் பேசுவோம்.

பாண்டி: அக்கா, நான் நாளைக்கு வேலைக்கு அருப்புக்கோட்டை வழியாத்தான் போறேன். ரசீது நம்பர மட்டும் அனுப்பு. வாங்கிட்டு வந்து டீச்சர் வீட்டுல குடுத்துடுறேன்.

மீனா: அனுப்பிட்டேன் தம்பி. அவங்ககிட்டயும் பேசி, நீ வர்றதச் சொல்லிட்டேன்.

லட்சுமி பெரியம்மா: நல்லாருப்பா.

முருகேசன் சித்தப்பா: இப்பப் பேசலாமா? நான் முப்பது வருசத்துக்கு மேல ஆர்.எம்.எஸ்.ல, அதான் ரயில்வே தபால் பிரிவுல, தபால் பிரிச்சவன். அந்தப் பையன் ஏன் ஊருக்குள்ள வரலன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் பொறுமையா படிங்க, கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முருகேசன் சித்தப்பா: பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல வந்துச்சு. வேலன்கர்னு ஒரு அதிகாரி கொண்டுவந்த திட்டம், அவரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 6-ல ஆரம்பிச்சா தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரிப் பக்கம். முதல் மூணு நம்பர வச்சு எந்த மாவட்டத்துப் பையில போடணும்னு நாங்க பிரிப்போம். 625 மதுரை, 626 விருதுநகர்ப் பக்கம். கடைசி மூணு நம்பர் பட்டுவாடா ஆபீஸ். இங்கதான் விசயமே இருக்கு. அந்த ஆபீஸ் பெரும்பாலும் டவுன்லயோ பெரிய ஊர்லயோ இருக்கும். அதுக்குக் கீழ பல கிராமத்துக் கிளை ஆபீஸ் இருக்கும், அத்தனைக்கும் அதே பின்கோடுதான். கூரியர் லிஸ்ட்ல அந்தப் பின்கோடுக்கு டெலிவரி உண்டுன்னு போட்டிருந்தா அது டவுனுக்கு. ஊரு அங்கேருந்து பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குன்னு அந்த ஆறு நம்பருக்குத் தெரியாது.

மீனா: இது எனக்குப் புதுசு சித்தப்பா. நான் புக் பண்ணும்போது கூரியர் ஆப்புல பச்சையா "டெலிவரி உண்டு"ன்னுதான் காட்டுச்சு.

கார்த்தி: சித்தப்பா சொல்றது சரி. ஓசூர்ல எங்க குடோன்லயும் இதே தலைவலிதான். பின்கோட வச்சுத்தான் வண்டி பிரிக்கிறோம். ஆனா அந்தப் பையன் மேல கோவப்படாதீங்க பெரியம்மா. அவங்களுக்கு பல இடத்துல ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. பெட்ரோல் சொந்தக் காசு. ஒரே ஒரு கவருக்காகப் பதினாலு கிலோமீட்டர் போய்த் திரும்புனா அன்னைக்குக் கூலியே அதுல போயிரும். டவுன்லன்னா அந்த நேரத்துல இருபது வீடு முடிச்சிருவாங்க. அதான் போன் பண்ணி வரச் சொல்றாங்க. அவங்க வரச் சொன்னதக்கூட விட்ருவேன். வராமலே "வீடு பூட்டியிருக்கு"ன்னு போடுறதுதான் தப்பு.

முருகேசன் சித்தப்பா: அதேதான் நானும் சொல்றேன். கிராமத்துத் தபால்காரருக்கு ஒரு கவர்னாலும் பத்து கவர்னாலும் பை வந்தா போய்க் குடுக்கணும். கவருக்கு இவ்வளவுன்னு அவருக்குக் கணக்கு கிடையாது, வேலை நேரத்துக்குத்தான் படி. நாட்டுல 1,64,000-க்கு மேல தபால் ஆபீஸ் இருக்கு. அதுல பத்துக்கு ஒம்போது கிராமத்துல. எந்த கூரியர் கம்பெனிக்கு அவ்வளவு கிளை இருக்கு? இத்தனை இருந்தும் நம்ம வீட்டுப் பிள்ளையே அதுல அனுப்பலன்னா எனக்கு மனசு ஆறமாட்டேங்குது.

மீனா: சித்தப்பா, கோவிச்சுக்காதீங்க, நானும் மனசுல இருக்கறதச் சொல்லிடுறேன். உங்க ஆளுக வாங்குறவங்க வாசலுக்குப் போறதப் பத்தி நான் ஒரு குறையும் சொல்லல. என் வாசலுக்கு யாரு வர்றாங்க?

மீனா: பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பி, சமையல முடிச்சு, புது டிசைன மடிச்சு போட்டோ எடுத்துப் போட்டு, ஆர்டர் வாங்கி, பணம் வந்துருச்சான்னு பாத்து முடிக்க மத்தியானம் மூணு ஆயிருது. அதுக்கப்புறம்தான் பேக்கிங்கே. எங்க பக்கத்து ஆபீஸ்ல அதுக்குள்ள பார்சல் வாங்குறது முடிஞ்சிரும். சீக்கிரமே போனாலும் கவுண்டர்ல ஒரே ஒருத்தங்க. சேமிப்புக் கணக்கு, ஆதார், பார்சல், எல்லாம் அவங்களே பாக்கணும். நான் ஒரு பை நிறைய கவரோட நின்னா பின்னாடி பென்சன் வாங்க வந்த பெரியவங்க கால் கடுக்க நிக்கிறாங்க, எனக்கே சங்கடமா இருக்கு. பாதி அடிக்கும்போது சர்வர் நின்னுரும். கூரியர்த் தம்பி ஆறு மணிக்கு வாசல்ல நிக்கிது. எடை போட்டு எடுத்துட்டுப் போகுது. ராத்திரியே எல்லா ரசீதையும் படம் எடுத்து வாட்ஸ்அப்ல போட்டுருது. காசு மாசக் கடைசியில குடுத்தாப் போதும். ரெண்டுக்கும் பத்து இருபது ரூபாய் வித்தியாசம் வந்தாலும் எனக்கு அது பெருசில்ல. என் சாயங்காலம் மிஞ்சுது. வீட்டுல இருந்து யாவாரம் பண்ற பொம்பளைகளுக்கு அதுதான் பெருசு.

ராஜி மதினி: மீனா சொல்றதுல ஒரு எழுத்து மாத்த முடியாது. எங்க தெருவுல நைட்டி விக்கிற அக்காவும், மசாலாப் பொடி விக்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க.

பாலா அண்ணன்: நான் இதுல மறுபக்கம் மீனா. சேலைக்கு கூரியர் கட்டுப்படி ஆகலாம். புத்தகத்துக்கு ஆகாது. 150 ரூபாய் கவிதைப் புத்தகத்துக்கு 60 ரூபாய் கூரியர் கேட்டா யாரு வாங்குவா? எங்கள மாதிரி சின்னப் பதிப்பாளருங்க பதிவு புக் போஸ்ட்ட நம்பித்தான் இருந்தோம், அஞ்சு கிலோ 80 ரூபாய்க்குப் போகும். 2024 டிசம்பர்ல அத நிறுத்துனப்ப கையொடிஞ்ச மாதிரி ஆயிருச்சு.

ராஜி மதினி: அந்த மாசம் இவரு ராத்திரி தூங்கவே இல்ல. எடுத்த ஆர்டர எப்படி அனுப்புறதுன்னு.

பாலா அண்ணன்: அப்புறம் 2025 மே 1-ல ஞான் போஸ்ட்னு கொண்டுவந்தாங்க. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், அஞ்சு கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரை வழியாத்தான் போகும், நாலஞ்சு நாள் கூடவே ஆகும், ஆனா எங்க இருக்குன்னு நம்பர் போட்டுப் பாக்கலாம். புத்தகத்துல அச்சிட்டவர், வெளியிட்டவர் பேரு இருக்கணும், விளம்பரம் இருக்கக் கூடாது. இந்த வெலைக்கு எந்த கூரியரும் எடுக்க மாட்டாங்க. அதனால எனக்கு அந்தக் கவுண்டர்ல எவ்வளவு நேரம் நின்னாலும் வேற வழி கிடையாது.

முருகேசன் சித்தப்பா: தபால்ல காசு வாங்கிக் குடுக்குற முறையும் இருந்துச்சு பாலா. இப்ப கேஷ் ஆன் டெலிவரின்னு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசுறாங்க. 19-ம் நூற்றாண்டுலயே வி.பி.பி. வந்துருச்சு. பார்சலக் குடுத்து, காச வாங்கி, அனுப்புனவருக்கு மணியார்டரா போய்ச் சேரும். பழைய பத்திரிகை விளம்பரத்துல "வி.பி.பி.யில் அனுப்பப்படும்"னு ஒரு வரி இருக்கும், பெரியம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்.

லட்சுமி பெரியம்மா: அப்பா சித்த மருந்து அப்படித்தான் வாங்குவாரு. பார்சல் வர்ற அன்னைக்கு அம்மா காச முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கும்.

கார்த்தி: அக்கா, பெட்டியில போட்டு அனுப்புறியா, கவர்லயா?

மீனா: கல்யாண ஆர்டர்னா பெட்டி. மத்ததுக்குக் கவர்தான்.

கார்த்தி: பெட்டின்னா கவனமா இரு. நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுப்பாங்க. 40, 30, 10 பெட்டின்னா 2.4 கிலோன்னு கணக்கு வரும். உள்ள சேலை அரைக் கிலோதான் இருந்தாலும் எது கூடவோ அதுக்குத்தான் காசு. நிறையப் பேருக்கு மாச பில்லு ஏறுறது இதுலதான்.

மீனா: அடடா. போன மாசம் ஒரு பில்லு எனக்குப் புரியாமலே இருந்துச்சு. இதுதான் போல.

முருகேசன் சித்தப்பா: மீனா, நீ எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். உன் வாசலுக்கு யாரு வர்றான்னு கேட்டியே, அதுக்கு என்கிட்ட பதில் இல்லன்னு சொல்ல மாட்டேன். நிறைய அனுப்புறவங்களுக்கு வீட்டுல வந்து எடுத்துக்கிற ஏற்பாடு தலைமை ஆபீஸ்ல இருக்கு, ஒப்பந்தம் போடணும். ஆனா உன்ன மாதிரி தினமும் பத்து கவர் அனுப்புறவங்கதான் நாட்டுல லட்சக்கணக்குல இருக்காங்க. அவங்களத் தேடி ஒருத்தரும் போறதில்ல. 1986-ல விரைவுத் தபால் ஆரம்பிச்சதே கூரியருக்குப் போட்டியாத்தான். ஓட்டத்துல நாங்க தோக்கல. ராத்திரி முழுக்க ரயில் பெட்டியில நின்னுக்கிட்டே பிரிச்சிருக்கோம், பை ஒரு ஸ்டேசன் மாறி இறங்குனதில்ல. எல்லாம் கவுண்டர்லதான் கைவிட்டுப் போகுது. ஒரே ஒரு ஆள உக்கார வச்சு எல்லா வேலையையும் அவங்க தலையில கட்டுனா, பார்சலோட வர்றவங்க எப்படித் திரும்பி வருவாங்க? இத நான் சர்வீஸ்ல இருக்கும்போதே யூனியன் கூட்டத்துல பேசியிருக்கேன்.

மீனா: நீங்க இதச் சொன்னதுக்கு நன்றி சித்தப்பா.

பாண்டி: அப்ப ரெண்டையும் வச்சுக்கக்கா. டவுனுக்கு கூரியர், கிராமத்துக்கு போஸ்ட்டு.

மீனா: அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு ஆர்டர் எல்லாம் கூரியர்ல மறுநாளே போயிருது, அதுல கை வைக்க மாட்டேன். பெரியம்மா ஊர் மாதிரி இடத்துக்குத்தான் பிரச்சனை. அதுக்கு மட்டும் நான் தினம் கவுண்டருக்குப் போக முடியாது. வாரத்துல ரெண்டு நாள்னா போகலாம்.

முருகேசன் சித்தப்பா: நீ போக வேண்டாம். சாயங்காலம் எப்படியும் நான் ஸ்டேசன் பக்கம் நடக்கப் போறவன். ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ல எத்தன மணி வரைக்கும் வாங்குறாங்கன்னு நாளைக்கு நேர்ல கேட்டுட்டு வந்து சொல்றேன். செவ்வாய், வெள்ளி ரெண்டு நாளும் கவர எடுத்துட்டுப் போய்ப் போட்டு, ரசீத உனக்குப் படம் எடுத்து அனுப்புறேன். அட்ரஸ் மட்டும் தெளிவா பிரிண்ட் போட்டுக் குடு.

மீனா: உங்களுக்கு எதுக்கு சிரமம்?

முருகேசன் சித்தப்பா: சிரமமெல்லாம் ஒண்ணும் இல்ல பாப்பா. வெல கூடின சேலைன்னா சொல்லு. விரைவுத் தபால்ல 5 ரூபாயும் வரியும் சேத்துக் கட்டுனா ஓ.டி.பி. சொன்னாத்தான் கையில குடுப்பாங்க, அந்த வசதி 2025-ல வந்திருக்கு. அப்ப "குடுத்துட்டேன், வாங்கல"ன்ற பேச்சுக்கே இடமில்ல.

ராஜி மதினி: எங்க புத்தகத்தையும் சேத்து எடுத்துட்டுப் போவீங்களா மாமா?

முருகேசன் சித்தப்பா: குடும்மா. ஆனா ஞான் போஸ்ட் எந்தக் கவுண்டர்ல வாங்குவாங்கன்னு அதையும் கேட்டுட்டு வாரேன்.

வியாழக்கிழமை

பாண்டி: சேலைய டீச்சர் மாமியா கையில குடுத்தாச்சு அக்கா. பிரிச்சுப் பாத்துட்டாங்க, கலர் பிடிச்சிருக்காம்.

மீனா: ரொம்ப நன்றிடா தம்பி. பெட்ரோல் காசு போட்டு விடுறேன், மறுக்காத.

லட்சுமி பெரியம்மா: டீச்சரோட நாத்தனாரும் ஒண்ணு கேக்குறாங்க மீனா. பச்சையில இருந்தா படம் அனுப்பு.

மீனா: அனுப்புறேன் பெரியம்மா. அது போஸ்ட்லதான் வரும். எல்லாரும் இதப் பாருங்க, இனிமே ஆர்டர் குடுக்குறவங்களுக்கு இப்படி அனுப்பலாம்னு இருக்கேன்:

"வணக்கம். ஆர்டருக்கு நன்றி. பேரு, வீட்டு நம்பர், தெரு, ஊர், பின்கோடு, போன் நம்பர் அனுப்புங்க. கிராமமா இருந்தா உங்க ஊர் தபால் ஆபீஸ் பேரையும் எழுதுங்க. டவுனுக்கு கூரியர்ல தினமும் அனுப்புறோம். கிராமத்துக்குத் தபால்ல செவ்வாய், வெள்ளி அனுப்புறோம். ஒண்ணு ரெண்டு நாள் கூடுதலா ஆகும், ஆனா வீட்டுக்கே வரும்."

கார்த்தி: நல்லாருக்குக்கா. போன் நம்பர் ரெண்டு கேளு. ஒண்ணு கிடைக்கலன்னா இன்னொண்ணு.

முருகேசன் சித்தப்பா: "கிராமமா இருந்தா"ன்னு போடாத. மதுரைக்கு வெளியில புது நகர்ல இருக்கவங்க அத டவுன்னு நினைப்பாங்க, பட்டுவாடா பக்கத்துக் கிராமத்து ஆபீஸ்ல இருந்து நடக்கும். எல்லார்கிட்டயும் கேளு. ஊர் ஒரு வரி, அஞ்சல் ஒரு வரி, வழி ஒரு வரி, வட்டம் ஒரு வரி. முன்னாடி கல்யாணப் பத்திரிகையில அட்ரஸ் எழுதுவோமே, அந்த வரிசையிலயே. ஊர் பேரும் அஞ்சல் பேரும் வேற வேறயா இருக்குற இடம் நிறைய.

மீனா: மாத்திட்டேன் சித்தப்பா. "ஊர், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம், பின்கோடு." போன் நம்பர் ரெண்டு.

முருகேசன் சித்தப்பா: இப்ப சரி. ஆர்.எம்.எஸ்.க்கு இப்பத்தான் கிளம்புறேன்.

பாலா அண்ணன்: மீனா, அத அப்படியே எனக்கு அனுப்பு. புத்தக ஆர்டருக்கும் அதையே போட்டுக்கிறேன்.