அப்பாயி பேசியது படத்தில் இருக்கிறது, காதில் இல்லை: வீட்டு வீடியோ அனுபவங்கள்

கொட்டகலைப் பேரன்:

2011இல் சீட்டுக் காசு எடுத்து ஒரு ஃபுல் எச்டி வீடியோ கெமரா வாங்கினேன். கார்டில் பதிகிற வகை. கடையில் நான் பார்த்தது இரண்டே விஷயம்: 1080 என்று எழுதியிருக்கிறதா, சூம் எத்தனை மடங்கு. வேறு எதையும் கேட்கவில்லை.

அந்த ஜூலையில் அப்பாயியை இஸ்தோப்பில் (வீட்டு முன் விறாந்தையில்) உட்காரவைத்து, அவருடைய தங்கச்சியைப் பற்றிப் பேசச் சொன்னேன். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் பதிந்து, எழுபதுகளில் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறிப் போன குடும்பம். ஒரே ஒரு கடிதம் வந்ததாம். அதற்குப் பிறகு தொடர்பு இல்லை. கோத்தகிரிப் பக்கம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறோம். சரியான இடம் தெரிந்தவர் அப்பாயி ஒருவர்தான்.

படம் அவ்வளவு துல்லியம். தண்டட்டி இழுத்த காது ஓட்டை, வெற்றிலைச் சாறு காய்ந்த உதட்டோரம், முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பது, எல்லாம் தெரிகிறது. 14ஆவது நிமிடத்தில் ஊர்ப் பேரைச் சொல்கிறார். உதடு அசைகிறது. அந்த நேரம் பார்த்துக் காற்று மைக்கில் வந்து அறைகிறது. படபடவென்று அந்தச் சத்தம் மட்டும்தான். அப்பாயி அடுத்த தை மாதத்தில் காலமாகிவிட்டார்.

ஹெட்போன் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பேன். நான் சின்ன ஸ்க்ரீனில் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் கெமரா இருந்தும் இப்படித் தவறவிட்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?

பண்டாரவளை டீச்சர்:

நான் இருக்கிறேன் தம்பி. எங்கள் வீட்டுக் கெமரா என் அண்ணன் ஜப்பானில் இருந்து கொண்டுவந்தது. அந்த நாட்டுக்குள் விற்கிற மொடல், மெனு முழுக்க ஜப்பான் மொழி. சிவப்புப் பட்டனை அழுத்தினால் பதிகிறது, அது போதும் என்று நினைத்து மகளின் முதல் நடனத்தை எடுத்தேன்.

பாடசாலை மண்டபம், கூரை நிறைய டியூப் லைட். வீட்டில் டீவியில் போட்டால் வெளிச்சம் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆடி முடித்துக் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பின் மேல் இருட்டுப் பட்டை ஒன்று ஏறி இறங்குகிறது. அவளுக்கு இப்போது 19 வயது. அந்த வீடியோவைப் போடும்போதெல்லாம் என் கண் அந்தப் பட்டையிலேயே நிற்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதில் எரிகிற பழைய டியூப் லைட் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். அந்தக் கெமரா வினாடிக்கு 60 என்ற கணக்கில் படம் பிடிப்பது. இரண்டும் ஒத்துப்போகாது. ஷட்டரை நூறில் ஒரு வினாடிக்கு மாற்றி வைத்திருந்தால் துடிப்பு அடங்கியிருக்கும். வெளிநாட்டில் இருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், மெனுவில் இங்கிலீஷ் இருக்கிறதா, 50இல் எடுக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நோர்வூட் வீடியோக்காரர்:

கொட்டகலைத் தம்பி, மனம் நோகாமல் கேளுங்கள். இதில் கெமராவைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை. கலியாண வீடு, தேர்த் திருவிழா என்று 20 வருஷத்துக்கு மேல் எடுத்தவன் நான். எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான். லெதர் பையில் போட்டு அலுமாரியில் பூட்டிவைத்த கெமராவை மழைக்காலம் முடிந்து எடுத்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்கு உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம். அது என் முதல் கெமரா. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருந்தால் தப்பியிருக்கும். லெதர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம்ம ஊருக்கு ஆகவே ஆகாது.

இனி வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிற சூம் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் டிஜிட்டல் சூம், படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. லென்ஸே கிட்டக் கொண்டுவருகிற ஒப்டிகல் சூம் எத்தனை என்று கேளுங்கள். அடுத்தது வெளி மைக் செருகுகிற துளை. எச்டியா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் நான் பார்ப்பேன். வயதானவர்கள் மெதுவாகப் பேசும்போது கெமரா தானாகவே சத்தத்தைக் கூட்டும், அப்போது காற்றும் ஆற்றுச் சத்தமும் சேர்ந்தே கூடும். மைக் துளை இல்லையென்றால் மெனுவில் காற்றுச் சத்தத்தைக் குறைக்கிற செட்டிங்கைப் போட்டுவிட்டு, ஆளைக் காற்றுப் படாத பக்கமாக உட்காரவைத்து, கையெட்டும் தூரத்தில் இருந்து எடுங்கள். தூரத்தில் நின்று சூம் பண்ணினால் முகம் கிட்ட வரும், குரல் வராது.

மூடுபனியில் ஓட்டோ ஃபோகஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். ஆளின் மேல் ஒரு தடவை பிடித்துப் பூட்டிவிடுங்கள். பனி வெள்ளையாக இருப்பதால் கெமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும், முகம் கறுத்துப் போகும். கொஞ்சம் ஏற்றி வையுங்கள். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்கிறவர்களுக்கும் இதே கதிதான். அவர்களை வாசல் பக்கம் திருப்பி உட்காரவைப்பதே நல்லது.

நுவரெலியா மாதிரிக் குளிரில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். உபரி பெட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். வெளியில் குளிர்ந்த கெமராவை அடுப்பெரிகிற குசினிக்குள் அப்படியே கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வைத்துச் சூடு ஏறிய பிறகு திறக்க வேண்டும். கார்ட் விஷயம்: வினாடிக்கு 24 மெகாபிட் தரத்தில் 32 ஜீபி கார்டில் 3 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கலாம். திருவிழா நாளில் ஒரு கார்ட் போதாது.

மஸ்கெலியா மருமகள்:

அண்ணே, கெமராவில் குற்றமே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். எங்களுடையது ஹாட் டிஸ்க்கில் பதிகிற கெமரா. கார்ட் வாங்கத் தேவையில்லை, நாள் முழுக்க எடுக்கலாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். தோட்டத்து ரோட்டைப் பற்றிக் கடையில் யாரும் கேட்கவில்லை.

நாத்தனார் கலியாணம் முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படுகிறோம். நான் வேனின் பின் சீட்டில் இருந்து பின்கண்ணாடி வழியாக எடுக்கிறேன். நாத்தனார் குடையை மறந்துவிட்டார். மாமியார் அதை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே ஓடி வருகிறார். காலில் செருப்பு இல்லை, பட்டுச் சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார். மழைத் தூறலில் முகம் நனைந்திருக்கிறது. வேன் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. கெமரா தான் கீழே விழுவதாக நினைத்து டிஸ்க்கைக் காப்பாற்றப் பதிவை நிறுத்திவிட்டது. சிவப்புப் புள்ளி போனதை நான் கவனிக்கவே இல்லை.

மாமியார் வேனைப் பிடித்தது, ஜன்னல் வழியாகக் குடையைக் கொடுத்தது, மகளின் கன்னத்தைத் தடவியது, ஒன்றும் பதியவில்லை. வீடியோவில் அவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஹப்புத்தளை மகன்:

மைக், சிலிக்கா, உபரி பெட்டரி என்று இவ்வளவையும் கேட்டால் யாருமே வீடியோ எடுக்க மாட்டார்கள். போன் போதும். அம்மா கொழுந்து எடுக்கப் போன கடைசி நாளைப் போனில்தான் எடுத்தேன். கூடையை இறக்கிவிட்டுத் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்க்கிறார். கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் முடியே மெலிந்து ஒரு கோடு. அதை விரலால் தடவிக்கொண்டே, "இனி இது வளருமாடா?" என்று கேட்டார். எல்லாம் தெளிவாக விழுந்திருக்கிறது. நான் அவர் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. அடுத்த நிமிடம் போனுக்கு அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது. கணக்கப்பிள்ளை வந்து அம்மாவுக்குக் கை கூப்பினாராம், அது இல்லை. எடுக்கும்போது ஃபிளைட் மோடில் போடுங்கள்.

நோர்வூட் வீடியோக்காரர்:

போனை நான் குறை சொல்லவில்லையே தம்பி. பக்கத்தில் நின்று எடுத்தீர்கள், அதனால் குரல் விழுந்தது. நான் சொன்னதும் அதுதான். தேர்த் திருவிழாவில் மூன்று மணித்தியாலம் நின்று, கூட்டத்துக்குப் பின்னால் இருந்து காவடி எடுக்கிற பிள்ளையின் முகத்தைப் போனில் எடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். மஸ்கெலியாத் தங்கச்சி சொன்னது சரி. ஹாட் டிஸ்க் கெமரா நம்ம ரோட்டுக்குப் பொருந்தாது, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பதுளைக்காரன்:

கெமரா எதுவாக இருந்தாலும் மூலப் பதிவைக் கையைவிட்டுப் போகவிடாதீர்கள். எங்கள் தாத்தாவின் எண்பதாவது பிறந்தநாளை எச்டியில் எடுத்து, டீவீடி போட்டுத் தரச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கார்டைக் கொடுத்தேன். டீவீடி வந்தது, கார்டும் வந்தது. கார்ட் வெறுமை. துடைத்துச் சுத்தமாகத் தந்திருக்கிறோம் என்று உதவி செய்த மாதிரிச் சொன்னார்கள். அந்த நேரம் என் வாயில் வார்த்தை வரவில்லை.

டீவீடியில் படம் 720க்கு 576. எச்டியின் 1920க்கு 1080ஓடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குப் புள்ளிகள்தான். தாத்தா கேக் வெட்டும்போது கண்ணில் நீர் கோத்ததை அன்று ஸ்க்ரீனில் பார்த்தேன். டீவீடியில் கண் இருக்கிறது, நீர் இல்லை. அப்போதே கார்டைத் தொடாமல் எடுத்து வைத்து, அழிந்ததை மீட்கிற மென்பொருளைப் போட்டிருந்தால் கொஞ்சமாவது கிடைத்திருக்கலாம். நான் அதே கார்டில் மறுநாளே வேறு வீடியோ எடுத்துவிட்டேன்.

கொட்டகலை அண்ணே, உங்கள் கார்டில் இருந்த பதிவு அப்படியே இருக்கிறதா? இருந்தால் அதில் இருந்து சத்தத்தை மட்டும் தனியாகப் பிரித்து, ஒடாசிட்டி என்கிற சத்தம் திருத்துகிற மென்பொருளில் திறந்து, 150 அல்லது 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிப் பாருங்கள். மைக்கில் மோதுகிற காற்றின் சத்தம் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், பேச்சைப் புரியவைக்கிற சத்தம் அதற்கு மேலே. காற்று மிகப் பலமாக அறைந்து பதிவே நசுங்கிப்போன இடம் திரும்பாது. ஆனாலும் பாருங்கள்.

கொட்டகலைப் பேரன்:

பதிவு இருக்கிறது தம்பி. கார்டின் ஃபோல்டரை முழுசாக அப்படியே கொம்பியூட்டரில் போட்டு வைத்திருந்தேன்.

மூன்று இரவு உட்கார்ந்தேன். 180இல் வெட்டியதும் அடியில் இருந்த இரைச்சல் இறங்கியது. குரல் மெலிந்து, தகரக் குழாய்க்குள் இருந்து பேசுவது மாதிரி வந்தது. "மண்டபம் கேம்ப்" என்பது கேட்டது, கப்பலில் போனவர்களை அங்கே முதலில் தங்கவைத்த முகாம். ஊர்ப் பேர் எனக்கு விளங்கவில்லை. இரண்டு எழுத்து இன்னும் நசுங்கித்தான் இருக்கிறது.

நேற்று இரவு அப்பாவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவருக்கு அப்பாயியின் பேச்சு பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை கேட்டார். "கோத்தகிரி இல்லடா, கூடலூர்" என்றார். ஹெட்போனைக் கழற்றவில்லை. திரும்பப் போடு என்றார், போட்டேன். இன்னொரு தடவை என்றார்.

கூடலூர்ப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் இங்கே இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.