பிஸ்கட் ஜாடியில் துப்பாக்கி வைப்பவள் எல்லாம் ஒரு கதாநாயகியா?

மசூர்பாட்டி_பேத்தி:
நேற்று வேறோர் இழையில் துப்பறிவாளன்77 சார் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன்: "ஸ்டெபனி பிளம் நாவல்கள் சஸ்பென்ஸே இல்லை. துப்பாக்கியைப் பிஸ்கட் ஜாடியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு குற்றவாளியைப் பிடிக்கப் போகிறவள் கோமாளி, கதாநாயகி அல்ல." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜேனட் இவானோவிச் 1994-ல் 'ஒன் ஃபார் த மணி' என்ற முதல் ஸ்டெபனி பிளம் நாவலை எழுதியபோது எத்தனை துப்பறியும் நாவல்களில் இப்படி ஒரு பெண் இருந்தாள்? ஸ்டெபனிக்கு உள்ளாடை கொள்முதல் செய்யும் வேலை போய்விட்டது, காரைக் கடன்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். சித்தப்பா மகனோ மாமா மகனோ, குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குப் பணம் கட்டி ஜாமீன் எடுக்கும் ஆபீஸ் நடத்துகிற அந்த வின்னியை மிரட்டியே, ஜாமீனில் போய் கோர்ட்டுக்கு வராதவர்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை வாங்குகிறாள். முதல் ஆளாகப் பிடிக்க வேண்டியது யாரை? பதினாறு வயதில் தன்னை ஏமாற்றிய ஜோ மொரெல்லியை. இப்போது அவன் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரன். பிடித்துக் கொடுத்தால் பத்தாயிரம் டாலர். காதல், பணம், பயம் மூன்றையும் முதல் சில பக்கங்களிலேயே முடிச்சுப் போட்டுவிட்டார். இதற்கு மேல் சஸ்பென்ஸுக்கு என்ன வேண்டும்?

துப்பறிவாளன்77:
அம்மா, இவ்வளவு எழுதினீர்கள். ஜாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

மசூர்பாட்டி_பேத்தி:
ஜாடிதான் வேண்டுமா, சரி. அது கரடி வடிவ ஜாடி. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கவே அவளுக்குப் பிடிக்காது, அதனால் கண்ணில் படாமல் வைக்கிறாள். சிறப்புப் பயிற்சி பெற்ற ஆளாக இருந்தால் அவள்தான் ஜெயிப்பாள் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும். இவள் கதவைத் தட்டும்போது அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பயம் அங்கேதான் பிறக்கிறது.

எடிசன்_வாசி:
நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன், ஒரு தகவல். 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை இங்கே துப்பாக்கியை வெளியே எடுத்துப்போக அனுமதி வாங்குவது சாதாரண ஆளுக்கு ஏறக்குறைய நடக்காத காரியம். தனக்கு ஆபத்து இருப்பதாகத் தனிக் காரணம் காட்ட வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ஆகவே ஸ்டெபனி மாதிரி இந்த மாநிலத்து ட்ரென்டன் நகரில் வாழும் ஒருத்தி துப்பாக்கியை வீட்டில் விட்டுவிட்டுப் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

துப்பறிவாளன்77:
சட்டம் லாக்கரில் வைக்கச் சொல்லும். பிஸ்கட்டோடு வைக்கச் சொல்லாது.

மசூர்பாட்டி_பேத்தி:
எடிசன் அண்ணா அருமையான விஷயம் சொன்னார். அதைக்கூட ஏற்க மாட்டீர்களா? முதல் நாவலின் கடைசியில் வில்லனைச் சுட்டது யார் சார்? மொரெல்லியா, அவளுக்குத் தொழில் சொல்லித்தரும் ரேஞ்சரா? கைப்பையில் இருந்த துப்பாக்கியால் ஸ்டெபனியே சுட்டாள். அங்கே ஜாடி எங்கே வந்தது?

புதுவாசகி_மீ:
ஐயோ, நான் இப்போதுதான் அந்தப் புத்தகத்தில் பாதிக்கு வந்திருக்கிறேன்! முடிவைப் போட்டு உடைத்துவிட்டீர்களே அக்கா. ஒரு எச்சரிக்கை போடக் கூடாதா?

மசூர்பாட்டி_பேத்தி:
தங்கச்சி, புத்தகம் வந்து முப்பது வருஷம் ஆகிவிட்டது. வில்லன் பெயரை நான் சொல்லவில்லையே.

புதுவாசகி_மீ:
வருஷம் எத்தனை ஆனால் என்ன, எனக்கு இன்றுதானே புதுசு.

குடைராணி:
நீங்கள் எல்லோரும் 1994-ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். 1975-லேயே எலிசபெத் பீட்டர்ஸ் அமீலியா பீபாடியைக் கொண்டுவந்துவிட்டார். முப்பதைத் தாண்டிய விக்டோரியா காலத்துப் பெண், அப்பா சொத்தை எடுத்துக்கொண்டு எகிப்துக்குக் கிளம்புகிறாள், ஆயுதம் கையில் ஒரு குடை. அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்த பார்பரா மெர்ட்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தில் எகிப்தியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கல்லறைக்குள் நடப்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சிரிப்பும் காதலும் மர்மமும் அதில் இருக்கிற மாதிரி வேறு எதிலும் இல்லை. அமீலியா குடையைப் பிஸ்கட் ஜாடியில் வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துப்பறிவாளன்77:
பார்த்தீர்களா, குடைராணி அம்மாவே ஒத்துக்கொள்கிறார்.

குடைராணி:
உங்களோடு நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. போன மாசம் அமீலியாவை 'வாயாடிக் கிழவி' என்று எழுதியது நீங்கள்தான். மறக்கவில்லை.

மசூர்பாட்டி_பேத்தி:
அமீலியா எனக்கும் பிடிக்கும். ஆனால் அவளுக்குப் பணமும் படிப்பும் இருக்கிறது, தான் சொல்வதெல்லாம் சரி என்ற தைரியமும் இருக்கிறது. ஸ்டெபனிக்கு வாடகைக்கே காசில்லை. துணை என்று வீட்டில் இருப்பது ஒரு வெள்ளெலி.
துப்பறிவாளன் சாருக்கு முதல் நாவலையே நினைவூட்டுகிறேன். பெனிட்டோ ராமிரெஸ் என்ற குத்துச்சண்டைக்காரன் லூலா என்ற பாலியல் தொழிலாளியை அடித்துச் சிதைத்து, ஸ்டெபனியின் ஜன்னலுக்கு வெளியே ஃபயர் எஸ்கேப் படியில் கட்டிப் போட்டுவிட்டுப் போகிறானே, அதைப் படித்துவிட்டு அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வந்ததா? அதே புத்தகத்தில்தான் மசூர் பாட்டி சாப்பாட்டு மேஜையில் பேத்தியின் துப்பாக்கியை எடுத்து வறுத்த கோழியைச் சுடுகிறாள். சிரித்த வாய் மூடுவதற்குள் பயம் வருகிறது. இந்த இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைக்க எவ்வளவு கைத்திறன் வேண்டும்! லூலா அதற்கப்புறம் அழுதுகொண்டே கிடக்கவும் இல்லை. அடுத்தடுத்த நாவல்களில் அதே ஜாமீன் ஆபீசில் வேலைக்கு வந்து ஸ்டெபனியோடு ஊரையே கலக்குகிறாள். எனக்கு இந்தத் தொடரில் மிகப் பெரிய சந்தோஷம் அதுதான்.

கடலூர்_ராஜா:
இந்த நாவலை வைத்து எடுத்த 2012 படம் பார்த்தேன். சுமார்தான்.

மசூர்பாட்டி_பேத்தி:
படத்தைப் பார்த்துவிட்டு நாவல் இழைக்கு வராதீர்கள் தம்பி. கேத்தரின் ஹைகல் நடித்தது ஸ்டெபனியே இல்லை.

கடலூர்_ராஜா:
இழை உங்கள் வீட்டுச் சொத்தா? டெபி ரேனால்ட்ஸ் பாட்டியாக நன்றாகத்தான் நடித்திருந்தார்.

எடிசன்_வாசி:
பேச்சு எங்கேயோ போகிறது. ஸ்டெபனிக்குப் பொருத்தம் மொரெல்லியா ரேஞ்சரா என்று கேட்டால் நான் மொரெல்லி பக்கம். ரேஞ்சருக்குக் கருப்புச் சட்டை தவிர வேறு குணமே இல்லை.

புதுவாசகி_மீ:
ரேஞ்சரை ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். அவளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

துப்பறிவாளன்77:
நல்ல குரு. துப்பாக்கியை எங்கே வைப்பது என்று மட்டும் சொல்லித்தர மறந்துவிட்டார்.

மசூர்பாட்டி_பேத்தி:
சார், இந்த நாவலுக்குத்தான் 1995-ல் பிரிட்டனின் குற்ற எழுத்தாளர் சங்கம் ஜான் க்ரீஸி விருது கொடுத்தது. சிறந்த முதல் குற்ற நாவலுக்குக் கொடுக்கும் விருது அது. அவர்களுக்கு சஸ்பென்ஸ் தெரியாதா, உங்களுக்குத்தான் தெரியுமா?

துப்பறிவாளன்77:
விருதுக் குழுவினர் ஜாடியைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மசூர்பாட்டி_பேத்தி:
ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். இந்தத் தொடரில் எத்தனை புத்தகம் முழுசாகப் படித்திருக்கிறீர்கள்?

துப்பறிவாளன்77:
ஜாடி வரும் இடம்வரை படித்தேன், போதும்.

குடைராணி:
அமீலியாவையும் இப்படித்தான் படித்திருப்பார்.

மசூர்பாட்டி_பேத்தி:
எந்தப் புத்தகம், எந்த அத்தியாயம் என்று சொல்லுங்கள் சார். புத்தகங்கள் எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பேசலாம்.